காட்டுல போர் போட்ட கதை: ஒரு பம்பு கையேடும் இயந்திர மொழிபெயர்ப்பும் – நிகழ்வு ஆய்வு

"வெடியால மோட்டாரு போட்டா பீஸ் போயிருதுங்க. மாத்திப் போட்டாலும் தண்ணி மேல வரமாட்டீங்குது. காட்டுல போர் போட்டு ரெண்டு வருசந்தான் ஆச்சு. நோம்பிக்குள்ள ஆள் அனுப்பி உடுங்க."

அவிநாசி, காங்கேயம், பல்லடம் பக்கத்துப் பம்பு டீலருக்கு வரும் வாட்ஸ்அப் புகார் ஏறக்குறைய இந்த நடையில்தான் இருக்கும். கோவைக்காரருக்கு இதில் ஒரு சொல்லும் இடறாது. விடியற்காலையில் மோட்டாரைப் போட்டால் பியூஸ் போகிறது. மாற்றினாலும் தண்ணீர் ஏறவில்லை. மானாவாரி நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி இரண்டு ஆண்டுதான் ஆகிறது. ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் ஆளை அனுப்புங்கள். அவ்வளவுதான்.

இதே நான்கு வரியைப் பொதுவான மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றில் போட்டு ஆங்கிலத்தில் எடுத்தால் எங்கெல்லாம் சறுக்கும் என்று சொல்லாகப் பார்க்கலாம். 'வெடியால' என்பதை 'வெடி' என்னும் பெயரோடு 'ஆல்' உருபு சேர்ந்ததாகப் பிரித்தால் மோட்டார் குண்டுவெடிப்பில் கெட்டதாக ஆகிவிடும். 'பீஸ்' என்பது துண்டாகவோ கட்டணமாகவோ சமாதானமாகவோ போகலாம். 'காடு' வனம். 'போர்' யுத்தம், அல்லது வைக்கோற்போர். 'வரமாட்டீங்குது' என்னும் கொங்கு வினைமுற்றில் 'வரமாட்டீங்க' ஒளிந்திருப்பதால், தண்ணீரைப் பற்றிய வரி 'நீங்கள் வரமாட்டீர்கள்' என்ற குற்றச்சாட்டாகத் திரும்பும். 'நோம்பி' நோன்பாகும், திருவிழா உண்ணாவிரதமாகிவிடும்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சர்வீஸ் பிரிவின் மென்பொருளில் புகார்கள் ஆங்கிலத்தில் பதிவாகி, அதை வைத்துத்தான் எந்த மாடலில் என்ன கோளாறு என்று வடிவமைப்புப் பிரிவு கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கில் 'வெடிப்பு' என்று ஒரு வரி விழுந்தால் பாதுகாப்பு விசாரணை தொடங்கும். 'இரண்டு ஆண்டு' என்பது போரின் வயது, பம்பின் வயது அல்ல. அது மாறினால் வாரண்டி இருக்கிற பம்புக்கு வாரண்டி முடிந்துவிட்டது என்று பதில் போகும். இந்த இரண்டாவது பிழைக்கு வட்டார வழக்கு காரணமே இல்லை. 'எதற்கு இரண்டு வருசம்' என்று கேட்கத் தெரிந்த ஒரு மனிதர் நடுவில் இல்லாததுதான் காரணம்.

ஆய்வுக்கு எடுத்த ஆவணம்

புகார் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறது; கையேடு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறது. இங்கே அலசுவது எந்தவொரு கம்பெனியின் கையேட்டையும் அல்ல. கோவை வட்டாரத்தில் தயாராகும் நீர்மூழ்கிப் பம்புசெட்டுகளின் கையேடுகள் எப்படி இருக்குமோ அந்த அமைப்பில் ஒரு மாதிரி ஆவணத்தை வைத்துக்கொள்கிறோம்: 24 பக்கம், ஆங்கில மூலம், 420 மொழிபெயர்ப்புத் துண்டுகள் (ஒரு வாக்கியமோ ஒரு அட்டவணைக் கட்டமோ ஒரு துண்டு). பொருத்தும் முறை, ஸ்டார்ட்டர் இணைப்பு, கோளாறு அட்டவணை, உதிரிபாகப் பட்டியல், வாரண்டி நிபந்தனை என்று ஐந்து பகுதி. பம்புசெட்டுக்கு ஐஎஸ் 8034, மோட்டாருக்கு ஐஎஸ் 9283 என்று இந்தியத் தர எண்கள் அட்டையிலேயே இருக்கும். எந்த மொழிக்குப் போனாலும் அந்த எண்களை யாரும் தொடக் கூடாது.

கருவிகள் எங்கே நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-ல் சேர்ந்தது. 2017 ஏப்ரலில் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளுக்கு நரம்பியல் வலையமைப்பு முறை வந்தது. மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தளமான பாஷினி 2022-ல் தொடங்கியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 மாதிரி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் வேலை செய்கிறது. அதற்குப் பிறகு சாட்ஜிபிடி போன்ற உரையாடல் வகைப் பெருமாதிரிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு படியிலும் தமிழின் ஓட்டம் நன்றாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதை மறுப்பது வீண் வீராப்பு.

ஆனால் அந்த ஓட்டத்தில்தான் வில்லங்கம். 2011-ன் தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. பிழை கண்ணில் குத்தியது. இப்போது வருவது வழவழவென்று இருக்கிறது. திருத்துபவர் பாதிப் பக்கம் தாண்டியதும் மூலத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். ஒரு 'கூடாது' காணாமல் போனாலும் வாக்கியம் இலக்கணமாகவே நிற்கும்.

கையேட்டில் இடறும் இடங்கள்

பம்புத் தொழிலின் ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு அன்றாடப் பொருள் வேறு. முழு வாக்கியம் கொடுத்தால் இன்றைய கருவிகள் பெரும்பாலும் சரியான பொருளைப் பிடித்துவிடும். ஆனால் கையேட்டில் பாதி, வாக்கியமே அல்ல. அட்டவணைக் கட்டத்திலும் படத்தின் அம்புக்குறியிலும் ஒற்றைச் சொல்தான் நிற்கும். சூழல் இல்லாத சொல்லுக்குக் கருவி அதிகம் புழங்கும் பொருளைத் தூக்கிப் போடும்.

அப்படித்தான் பம்பு தண்ணீரை ஏற்றும் உயரமான ஹெட் 'தலை' ஆகிறது. பம்பின் அடுக்கான ஸ்டேஜ் 'மேடை'. மோட்டாரிலிருந்து வெளிவரும் லீட் ஒயர் 'ஈயம்'. ரிலே டிரிப் ஆவது, அதாவது மோட்டாரைத் தானாக நிறுத்துவது, 'பயணம்'. கரண்ட் 'தற்போதைய'. போரின் ஊற்று அளவைச் சொல்லும் சொல் 'மகசூல்'. பம்பை மெதுவாக உள்ளே இறக்கச் சொல்லும் வரி 'பம்பை மெதுவாகக் குறைக்கவும்' என்று வரும். வாரண்டி செல்லாது என்பதற்கு 'உத்தரவாதம் வெற்றிடம்'. மாடல் நம்பர் என்பதன் சுருக்கம் 'மாதிரி இல்லை' ஆகும், ஏனென்றால் நம்பரின் ஆங்கிலச் சுருக்கமும் 'இல்லை'யும் எழுத்தில் ஒன்று. குறைந்தபட்சம் என்பதன் சுருக்கமும் நிமிடம் என்பதன் சுருக்கமும் ஒன்றாக இருப்பதால், பம்பு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்ற இடத்தில் நிமிடக் கணக்கு வந்து உட்காரும். அந்தச் சுருக்கத்தின் பின்னால் வரும் புள்ளியை வாக்கிய முடிவு என்று எடுத்துக்கொண்டு, கருவி ஒரே அளவை இரண்டு துண்டாகவும் வெட்டிவிடும்.

இவை கண்ணில் படும் பிழைகள். படாத பிழைக்கு இரண்டு எடுத்துக்காட்டு.

மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் குறைவாக வரும். அப்போது ஒயர்களில் ஏதாவது இரண்டை ஒன்றுக்கொன்று இடம் மாற்ற வேண்டும். கருவி 'ஏதேனும் இரண்டு ஒயர்களை மாற்றவும்' என்று தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொல் எல்லாம் சரி, இலக்கணம் சரி. ஆனால் தமிழில் 'மாற்றவும்' என்றால் எடுத்துவிட்டு வேறு போடு என்றும் பொருள். டீலர் இரண்டு புது ஒயர் போட்டுவிட்டு, மோட்டார் இன்னும் அதே பக்கம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 'மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிக் கொடுக்கவும்' என்று எழுதினால்தான் கை சரியான வேலையைச் செய்யும்.

இரண்டாவது இதைவிட விலை உயர்ந்தது. மோட்டாரை முதலில் குறைந்த கரண்டில் கிளப்பும் ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில், கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, பேஸ் ஒயர்களில் இணைக்கப்பட்டிருந்தால், அதை மோட்டாரின் முழுச்சுமைக் கரண்டில் 0.58 பங்குக்கு வைக்க வேண்டும். பெயர்ப்பலகையில் 17 ஆம்பியர் என்றிருந்தால் ரிலேயின் குமிழ் 9.9 ஆம்பியரில் நிற்க வேண்டும். இந்த வரியின் ஆங்கிலத்தில் கரண்ட், பேஸ், லீட் மூன்றும் ஒன்றாக வருகின்றன. மூன்றும் இரட்டைப் பொருள் சொற்கள். கருவி பேஸை 'கட்டம்' ஆக்கி, நிபந்தனைப் பகுதியைக் குழப்பிவிட்டது என்றால் படிப்பவர் அதை விட்டுவிட்டுப் பலகையில் உள்ள 17-ஐயே ரிலேயில் வைப்பார். அப்போது லைனில் ஏறத்தாழ 29 ஆம்பியர் ஓடும்வரை ரிலே அசையாது. அதற்குள் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியிருக்கும். 800 அடிப் போரிலிருந்து பைப்பும் கேபிளும் பம்பும் மேலே வர வேண்டும், ரீவைண்டிங் ஆக வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். தென்னை அதுவரை காய்ந்துகொண்டிருக்கும்.

மூலத்தைத் திருத்துவதில் தொடக்கம்

இந்தச் சிக்கல்களில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பில் பிறக்கவில்லை, ஆங்கில மூலத்திலேயே இருக்கிறது. அதனால் முதல் வேலை மூலத்தைச் சீராக்குவது. சுருக்கங்களை எல்லாம் விரித்து எழுத வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரே செயல்தான் இருக்க வேண்டும். 'அது', 'இது' என்று நிற்கும் இடத்தில் பாகத்தின் பெயரையே போட வேண்டும். ஒரே பாகத்துக்கு நாலு பெயர் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நிபந்தனை வாக்கியத்தின் கடைசியில் தொங்கினால் முன்னால் கொண்டுவர வேண்டும். தமிழில் நிபந்தனை முதலில் வருவதுதான் இயல்பு, கருவிக்கும் அது சுலபம். மாதிரி ஆவணத்தில் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம். அதே மூலம் இந்திக்கும் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் போவதால் ஒரு நாள் வேலை நாலு மொழியில் பலன் தரும். இந்தி வேண்டுமென்றால் ஆங்கில மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும். திருத்திய தமிழிலிருந்து எடுத்தால் இரண்டு தடவை சல்லடையில் போட்டதுபோல் ஆகும்.

இந்த வேலையை யார் செய்வது? பெரும்பாலான கம்பெனிகளில் யாரும் செய்வதில்லை. கையேட்டை எழுதிய இன்ஜினியர் அடுத்த மாடலுக்குப் போய்விட்டிருப்பார். மூலத்தில் எது இரட்டைப் பொருள் தருகிறது என்று நுணுகிப் பார்க்கப் பழகியவர் மொழிபெயர்ப்பாளர்தான். இது அவருடைய வேலைப் பட்டியலில் புதிதாக ஏற வேண்டிய முதல் வரி.

சொற்பட்டியல்: யாருடைய தமிழ்?

அடுத்தது சொற்பட்டியல். இந்த மாதிரிக் கையேட்டுக்கு 150 சொல் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு கட்டம்: ஆங்கிலச் சொல், கையேட்டில் போட வேண்டிய தமிழ், போடக் கூடாத தமிழ், களத்தில் புழங்கும் பேச்சு வடிவம். மூன்றாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிழை பார்க்கும் நிரலுக்கு அதுதான் தீனி.

இங்கே பழைய வழக்கு ஒன்று கிளம்பும். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை எப்படி எழுதுவது? கலைச்சொல் அகராதி வழியில் போனால் தூண்டி, உந்து சக்கரம் என்று ஏதாவது கிடைக்கும். கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ உதிரிபாகக் கடையில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் திரும்பக் கேட்பார். எங்கள் தீர்ப்பு இது: காசு கொடுத்து வாங்கும் பாகத்தின் பெயர் கடைப்பெயராகவே இருக்கட்டும். இம்பெல்லர், புஷ், ஷாஃப்ட், கேபிள், ஸ்டார்ட்டர், ரிலே. செய்ய வேண்டிய செயல் மட்டும் நல்ல தமிழில் வரட்டும்: இறக்கு, முறுக்கு, நிரப்பு, இடம் மாற்று. எர்த் கொடுப்பதைப் 'புவியிணைப்பு' என்று எழுதி 'எர்த்' என்று ஒருமுறையாவது பக்கத்தில் போடாவிட்டால், உயிர் காக்கும் வரியே புரியாமல் போகும். தூய தமிழ் விரும்புவோர் கோபித்துக்கொள்ளலாம். கையேடு படிப்பவர் ஈரக் கையோடு நிற்கிறார்.

அளவுக்கும் இதே விதி. கையேடு 240 மீட்டர் என்று சொல்லும். தோட்டத்துக்காரர் ஆழத்தை அடியில்தான் வைத்திருப்பார். 787 அடி என்று கூடவே போட வேண்டும். கருவி தானாக இதைச் செய்யாது. செய்யச் சொன்னால் கணக்கு சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சொற்பட்டியலை நுழைக்கும் விதத்திலும் ஒரு பள்ளம் உண்டு. கருவி தந்த தமிழில் 'தலை'யை எல்லாம் 'ஹெட்' என்று ஒட்டுமொத்தமாக மாற்றினால் 'தலைப்பு' 'ஹெட்ப்பு' ஆகிவிடும். 'தலைகீழாக' 'ஹெட்கீழாக' ஆகும். 'தலையின்' என்பது 'ஹெட்யின்' என்று நிற்கும். 'ஹெட்டின்' என்று டகரம் இரட்டிக்க வேண்டும் என்பது தேடி மாற்றும் பொத்தானுக்குத் தெரியாது. ஒட்டு மொழியான தமிழில் சொற்பட்டியலை மொழிபெயர்ப்புக்கு முன்னாலேயே கருவிக்குக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் வந்து ஒட்டுப்போடுவது இரட்டை வேலை.

மூன்று நிறம்

420 துண்டுகளையும் ஒரே கவனத்தோடு பார்க்க எந்த மனிதராலும் முடியாது. முடியும் என்று பாவனை செய்யும்போதுதான் 300-வது துண்டில் கண் சொக்குகிறது. அதனால் ஆபத்தை வைத்துப் பிரிக்க வேண்டும்.

மாதிரி ஆவணத்தில் 70 துண்டு சிவப்பு: மின் இணைப்பு, எர்த், ரிலே அளவு, தண்ணீர் நிரப்பாமல் இயக்கக் கூடாது என்பது போன்ற எச்சரிக்கை, பம்பை இறக்கும்போது கிளாம்ப் போடும் முறை. பிழையானால் ஆள் போகலாம், அல்லது மோட்டார் போகும். இவற்றில் கருவியின் வரைவைத் திறந்துகூடப் பார்க்காமல் மொழிபெயர்ப்பாளரே முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. வரைவைப் பார்த்துவிட்டால் மனம் அதன் அச்சிலேயே ஓடும். 150 துண்டு மஞ்சள்: கோளாறு அட்டவணை, பராமரிப்பு, வாரண்டி நிபந்தனை. இவற்றுக்குக் கருவியின் வரைவும் வரிவரியாகத் திருத்தமும். மீதி 200 பச்சை: உதிரிபாகப் பட்டியல், அறிமுகம், முகவரி. சொற்பட்டியல் சரியாக இருந்தால் கருவி இதை நன்றாகவே செய்யும். எண்களையும் சொற்களையும் நிரல் வைத்துச் சரிபார்த்தால் போதும்.

நேரத்தைப் பக்கக் கணக்கில் போட்டால் பச்சைக்குப் பாதி போய்விடும். போட வேண்டியது இப்படி: சிவப்புக்கு ஒரு முழு நாள், மஞ்சளுக்கு ஒரு நாள், பச்சைக்கு அரை நாள்.

மஞ்சளில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது எதிர்மறை. தமிழில் 'கூடாது', 'ஆத', 'ஆமல்' எல்லாம் வினையின் வாலில் ஒட்டியிருக்கின்றன. நீள வாக்கியத்தில் வால் அறுந்தால் பொருள் நேர்மாறாகும். மூலத்தில் உள்ள எதிர்மறைகளை எண்ணி, தமிழிலும் எண்ணி ஒப்பிட வேண்டும். அடுத்து விடுபாடு: பெருமாதிரிகள் நீளப் பத்தியில் ஒரு வாக்கியத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவதுண்டு; மூலத்தில் இல்லாத அறிவுரை ஒன்றைச் சேர்ப்பதும் உண்டு. துண்டுகளின் எண்ணிக்கை இரு பக்கமும் சமமா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். மூன்றாவது சொல் ஒருமைப்பாடு: ஒரே ஷாஃப்ட் மூன்றாம் பக்கத்தில் தண்டு, ஒன்பதில் அச்சு, பதினைந்தில் சுழல்தண்டு என்று வந்தால் படிப்பவர் மூன்று பாகம் தேடுவார்.

எழுத்துருவும் அச்சும்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். பழைய தமிழ்க் கையேடு பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் அதை மொழிபெயர்ப்பு நினைவகத்தில் (முந்தைய மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துவைக்கும் தொகுப்பில்) ஏற்றக் கூடாது. ஏற்றினால் குப்பைதான் சேரும். பிடிஎப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குவது நல்லது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் வழியில் அமைக்காவிட்டால் கூட்டெழுத்து உடையும். ஸ்டார்ட்டர் மூடியில் ஒட்டும் லேபிளில் ஆங்கிலம் பிடித்த இடத்தில் தமிழ் அடங்காது. அந்த இடத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் முன்னமே மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் அச்சகத்துக்காரர் இடம் போதாமல் ஒரு சொல்லை வெட்டுவார்; அவர் வெட்டுவது 'கூடாது'வாக இருக்கலாம்.

வாசித்துச் செய்து பார்ப்பது

திருத்தி முடிந்ததும் ஒரு ஃபிட்டரை உட்கார வைத்துச் சிவப்புப் பகுதியை உரக்க வாசிக்க வேண்டும். அவர் கையில் ஆங்கில மூலம் இருக்கக் கூடாது. முன்னால் ஸ்டார்ட்டரும் மோட்டாரும் இருக்கட்டும், மின்சாரம் இல்லாமல். வாசிக்கிறபடி அவர் ஒயரைத் தொட்டுக் காட்ட வேண்டும். 'எதைங்க?' என்று அவர் கேட்கும் ஒவ்வொரு இடமும் திருத்த வேண்டிய இடம். பேசாமல் தவறான ஒயரைத் தொட்டால் அது இன்னும் முக்கியமான இடம். இரண்டு மணி நேர வேலை. திருத்திய தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்க்கும் சோதனையைவிட இது பல மடங்கு மேல். மறுமொழிபெயர்ப்பில் 'மாற்றவும்' சரியாகவே திரும்பி வரும். ஃபிட்டரின் கை மட்டும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கையெழுத்தும் கூலியும்

இத்தனையும் செய்பவரை என்ன பெயரில் வேலைக்கு வைப்பது, எப்படிக் காசு கொடுப்பது? மனித மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 (2015), இயந்திர வரைவைத் திருத்தும் வேலையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. அந்த வேலைக்குத் தனியாக ஐஎஸ்ஓ 18587 (2017) உண்டு. இரண்டும் வேறு வேலைகள் என்று தரநிலையே பிரித்துவிட்டது. நடைமுறையில் இரண்டுக்கும் சொல்லுக்கு இவ்வளவு என்றே பேசுகிறார்கள். 'கருவி பாதி செய்துவிட்டதே' என்று அந்தக் கூலியிலும் பாதி குறைக்கிறார்கள். நம் மாதிரியில் சிவப்பு 70 துண்டு சொல் கணக்கில் மிகச் சிறியது. சொல்லுக்குக் காசு என்றால் ஆபத்து அதிகமுள்ள இடத்துக்குக் கூலி மிகக் குறைவு. திருத்துபவர் எங்கே ஓடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. மூலச் சீரமைப்புக்கும் சொற்பட்டியலுக்கும் சிவப்புப் பகுதிக்கும் மணிக்கணக்கிலும், பச்சைக்கு மட்டும் சொல் கணக்கிலும் பேசுவது இரு தரப்புக்கும் ஒத்துவரும்.

ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வரி வேண்டும். வெளிவராத மாடலின் ஆவணத்தை இலவச இணையதளங்களில் ஒட்டக் கூடாது. புகார்களில் உள்ள ஆள் பெயரையும் கைபேசி எண்ணையும் நீக்கிவிட்டுத்தான் எந்தக் கருவிக்கும் அனுப்ப வேண்டும். சிவப்புப் பகுதியின் கடைசி வடிவத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இன்ஜினியர் ஒருவரும் பெயரோடு கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு அதில் கை வைப்பவர், அச்சகத்துக்காரர் உட்பட, அவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

புகார்ப் பக்கத்துக்கு ஏற்பாடு இதைவிடச் சின்னது. டீலர்களிடமிருந்து வரும் செய்திகளைக் கருவி ஆங்கிலமாக்கட்டும். ஆனால் தமிழ் மூலம் அதே பதிவில் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அழிக்கக் கூடாது. வெடிப்பு, தீ, ஷாக், மரணம் என்று பொருள்படும் எந்தச் சொல் ஆங்கிலத்தில் வந்தாலும் அந்தப் பதிவு கொங்கு வழக்கு தெரிந்த ஒருவரிடம் போய் நின்றுவிட்டுத்தான் மேலே நகர வேண்டும். அவர் பார்த்த சொல் சொற்பட்டியலின் நான்காவது கட்டத்தில் ஏறும். தொடக்கத்தில் அங்கே இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: வெடியால – விடியற்காலை. பொழுதோட – சாயங்காலம். காடு – மானாவாரி நிலம். தோட்டம் – கிணற்றுப் பாசன நிலம். போர் – ஆழ்குழாய்க் கிணறு. நோம்பி – திருவிழா. பீஸ் – பியூஸ். மோட்டார் எடுக்கல – ஸ்டார்ட் ஆகவில்லை. சாளை – தோட்டத்து வீடு. பம்பு அறை அல்ல.